வாரம் ஒருமுறை

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வரும் வழி 14 கிலோமீட்டர். அதனை வெறுங்காலுடன் நடந்து முடிப்போர் உள்ள இவ்வூரிலேயே, விடியற்காலையில் குடத்தைப் பற்ற விரல் மடங்காத தாய்மாரையும் நாம் காண்கிறோம். முடக்குவாதம் என்பர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், மூட்டின் உட்சவ்வையே பகையெனத் தாக்குகிறது. சவ்வு அழன்று வீங்கி, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. இது முதியோர் நோய் மட்டுமன்று, இளையோரையும் பற்றும்.

அவ்வாற்றலைத் தணிக்கும் மருந்துகளுள் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். அதற்கு முன்னோடியான அமினாப்டெரின், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்ரகட சுப்பாராவின் தலைமையில் அமெரிக்காவில் 1940களில் உருவாயிற்று. (அவர் பெயரையே நம்மவர் பலர் அறியார்!) இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு முதலில் தந்த அம்மருந்தை, 1951இல் மூட்டழற்சிக்கும் கொடுத்துப் பயன் கண்டனர். மெத்தோட்ரெக்சேட்டை முடக்குவாதத்திற்கு வழங்க அமெரிக்க அரசு 1988இல் இசைந்தது.

வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டிய மாத்திரை அது. நம் பங்கில் ஒரு தாய், விரைவில் குணமாகட்டுமென்று நாள்தோறும் விழுங்கினார். வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிர் பிழைத்ததே அரிதாயிற்று. ஆதலின் கிழமையைச் சீட்டில் பெரிதாக எழுதி வாங்குங்கள். உடன் தரும் ஃபோலிக் அமிலத்தையும் இரத்தப் பரிசோதனையையும் தவிர்க்கலாகாது, மதுவும் கூடாது. கருவுற விரும்புவோர் முன்னரே மருத்துவரிடம் கூற வேண்டும். அவர் இசைந்தால் ஞாயிற்றுக்கிழமையையே குறித்துக்கொள்ளுங்கள். பூசைக்கு வரும்போது நாமும் கேட்டுக்கொள்வோம்.