கண்ணேறும் குடற்புழுவும்

ஜார்ஜ் டவுனை அடுத்த ஆயர் ஈத்தாமில், நமது வீட்டுக் கொல்லையில் பதினொரு கம்பத்துக் கோழிகள் இருந்தன. சென்ற மழைக்காலத்தில் அவை ஒவ்வொன்றாய் மெலியலாயின. தீனி குறைவின்றித் தின்றும் மார்பெலும்பு கத்திபோல் துருத்திற்று, கொண்டை வெளிறிற்று, முட்டை நின்றது. நமது தாயார் காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். அடுத்த வீட்டு அம்மையார் வேலிக்கு அப்பால் நின்று, "எவ்வளவு கொழுத்த கோழிகள்!" என்றாராம். அவ்வளவே போதும். உப்பும் மிளகாயும் சுற்றிப் போடப்பட்டன. அவ்வம்மையார் கைம்பெண்ணாதலின் குற்றம் இரட்டித்தது. இருபதாண்டு நட்பு ஒரு வாரத்தில் அறுந்தது. படித்தவர் என்று பெயர் பெற்ற நாமோ வாய் திறந்தோமில்லை.

நான்காவது கோழி இறந்த அன்று, புதைக்குமுன் அதன் குடலைக் கீறிப் பார்த்தோம். சேமியாவைப்போல் வெளுத்த புழுக்கள், சில நான்கு விரற்கடை நீளமுள்ளவை, குடலை அடைத்துக் கிடந்தன. தாயாரிடம் காட்டினோம். "அதையும் கண்தான் கொண்டுவந்தது" என்றார்.

நிற்க. இப்புழுவை 'அஸ்காரிடியா கல்லி' என்பர். நூலோர் 1788-லேயே விவரித்துவிட்டனர். இதன் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழுந்து, வெப்பமும் ஈரமும் கூடிய நம் ஊரில் இரண்டொரு வாரத்தில் நோய் தரும் பக்குவம் அடைகிறது. நிழல்மண்ணில் மாதக்கணக்கில் அழியாமலும் இருக்கும். மண்ணைக் கிளறும் கோழி அதை விழுங்குகிறது. வயிற்றில் சென்ற புழு வளர்ந்து தானும் முட்டையிட ஐந்து முதல் எட்டு வாரம்.

கால்நடை அலுவலர் ஒருவர் சொற்படி பிப்பரஸின் மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுத்தோம். மறுநாள் எச்சத்தில் புழுக்கள் வீழ்ந்தன, பெருமிதம் கொண்டோம். ஆறு வாரத்தில் கோழிகள் மீண்டும் மெலிந்தன! தாயார் நம்மை ஒரு பார்வை பார்த்தார். அம்மருந்து வளர்ந்த புழுவையே வெளியேற்றும், இளம்புழு தப்பிவிடும், கொல்லை மண்ணையோ அது தொடுவதேயில்லை. எறும்பு, வண்டு வழியாய் வரும் நாடாப்புழுவுக்கும் அது பயன்படாது. ஆகவே மறுமுறை மருந்து கொடுத்ததோடு, எச்சத்தைச் சுரண்டி அகற்றினோம். கூண்டைத் தரையினின்று உயர்த்தினோம். வாழையடியில் நீர் தேங்காவண்ணம் வாய்க்கால் வெட்டினோம். குஞ்சுகளைப் பெரிய கோழிகளினின்று பிரித்தோம். லயத்தின் பின்னே கோழி வளர்க்கும் தோட்டத்துச் சகோதரிகள் ஒன்று கவனிக்க வேண்டும்: மருந்துண்ட கோழியின் முட்டையை எத்தனை நாள் விலக்குவதென்பது மருந்துக்கு மருந்து வேறுபடும், சீட்டைப் படிப்பித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழு கோழிகளும் தேறின. விலக்குநாள் கழிந்தபின் கிடைத்த முதல் ஆறு முட்டைகளைத் தாயார் தாமே எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனார். அம்மையார் முட்டைகளை வாங்கிக்கொண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை.