கடன்பட்டவர்களுக்காகப் பேசிய நாக்கு



இன்று ஜூன் 13, புனித அந்தோனியார் திருநாள். விடிந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய படமும், "கோடி அற்புதரே" என்ற வாழ்த்தும் வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் போட என் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீச்சர் என்றால் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கடற்கரைப் பக்கம் அந்தோனியாரைத் தெரியாதவர் கிடையாது. உவரியில் இருக்கிறார், புளியம்பட்டியில் இருக்கிறார். 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போன கச்சத்தீவிலும் அவர் கோவில்தான் நிற்கிறது. திருவிழாவுக்கு இரண்டு கரை மீனவர்களும் அங்கே கூடுவார்கள். செவ்வாய்க்கிழமை மெழுகுவத்தி ஏற்றுவதற்கு மதம் பார்ப்பதில்லை. காட்டூரில் நான் பாடம் எடுத்த காலத்தில் ரப்பர் தொலைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் அவருடைய கதையை முழுசாகக் கேட்டவர்கள் குறைவு. பதுவை அந்தோனியார் என்கிறோம், அவர் பிறந்தது பதுவையில் அல்ல. போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரத்தில், 1195 வாக்கில். பெற்றோர் வைத்த பெயர் பெர்னாந்து. வசதியான வீட்டுப் பிள்ளை. சிறுவயதிலேயே அகுஸ்தீனார் சபையில் சேர்ந்து நன்றாகப் படித்தார். 1220இல், மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அவர் இருந்த கொயிம்ப்ரா நகரத்துக்கு வந்தன. அதைப் பார்த்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அசிசி பிரான்சிஸின் ஏழைச் சபைக்கு மாறி, அந்தோனி என்று பெயர் வைத்துக்கொண்டு, தானும் மொராக்கோவுக்கே கப்பல் ஏறினார்.

போன இடத்தில் நோய். ஊருக்குத் திரும்பலாம் என்று கப்பல் ஏறினால் புயல் அடித்து இத்தாலியின் சிசிலித் தீவில் கொண்டுபோய்த் தள்ளியது. போக நினைத்த கரை ஒன்று, ஒதுங்கிய கரை இன்னொன்று. கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தாலியில் அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. மலைமேல் ஒரு சின்ன மடத்தில் ஜெபமும் அடுப்படி வேலையுமாக இருந்தார். படித்தவர் என்று காட்டிக்கொள்ளவே இல்லை. 1222இல் ஃபோர்லி என்ற ஊரில் குருப்பட்ட விழா. பிரசங்கம் செய்ய யாரும் தயாராக வரவில்லை. "நீயாவது ஏதாவது பேசு" என்று இவரை எழுப்பிவிட்டார்கள். அவர் பேசி முடித்தபோது சபையே அசந்துபோய் உட்கார்ந்திருந்தது. கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளையைப் பற்றி நான் ஏன் எப்போதும் கவலையோடு கேட்பேன் என்று இப்போது புரிகிறதா?

அதன் பிறகு பிரான்சிஸே அவருக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். சகோதரர்களுக்கு இறையியல் சொல்லிக்கொடுங்கள், எனக்குச் சம்மதம், ஆனால் அந்தப் படிப்பு ஜெப உணர்வை அணைத்துவிடக் கூடாது என்பதே அதன் சாரம். பிரான்சிஸ்கன் சபையின் முதல் இறையியல் ஆசிரியர் அவர். எங்கள் ஆசிரியர் பயிற்சியில் பாடத்திட்டம், கரும்பலகை, மதிப்பெண் எல்லாம் சொல்லித்தந்தார்கள். பாடம் நடத்தும்போது உள்ளே எரியும் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள் என்று சொன்னது இந்தக் கடிதம்தான்.

ரிமினி ஊரில் மனிதர்கள் கேட்க மறுத்ததால் மீன்களுக்குப் பிரசங்கம் செய்தார், அவை தலையைத் தூக்கி வரிசையாக நின்று கேட்டன என்று ஒரு கதை உண்டு. நம் ஏரி மடவை என்றால் நின்று கேட்டிருக்காது, துள்ளிக் குதித்துப் போயிருக்கும்.

அற்புதங்களை எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் காலத்தில் பதுவை நகரத்தில் வட்டிக்கு விடுகிறவர்கள் கை ஓங்கியிருந்தது. கடனைக் கட்ட முடியாதவனைச் சிறையில் போட்டுவிடுவார்கள். குடும்பம் தெருவில். 1231 தவக்காலத்தில் அந்தோனியார் அங்கே நாள்தோறும் பிரசங்கம் செய்தார். அந்த மார்ச் மாதமே, அவர் கேட்டுக்கொண்டதன் பேரில், நகர சபை ஒரு சட்டம் போட்டது. தன்னிடம் உள்ளதைக் கடனுக்காக ஒப்படைத்துவிட்டவனை இனிச் சிறையில் வைக்கக் கூடாது. சட்டத்தின் வாசகத்திலேயே அவர் பெயர் இருக்கிறது.

அதன் பிறகுதான் உடம்பு தளர்ந்து, கம்போசாம்பியேரோ என்ற இடத்தில் ஒரு வால்நட் மரத்தின் மேல் குடில் போட்டுத் தியானத்தில் இருந்தார். குழந்தை இயேசு அவர் கையில் வந்த காட்சியை அந்த ஊரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். அதே ஆண்டு ஜூன் 13இல் காலமானார். வயது 36 வாக்கில்தான். செவ்வாய்க்கிழமை அடக்கம். நம் செவ்வாய்க்கிழமை பக்தி அங்கிருந்து வந்ததுதான். ஓராண்டு முடிவதற்குள் புனிதர் பட்டம். 1263இல் கல்லறையைத் திறந்தபோது நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததாம். 1946இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார்கள்.

கடவுளைக் கண்ட ஞானி, கடன்காரன் வீட்டுக் கணக்கையும் பார்த்திருக்கிறார். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏழாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். கணக்கில் புலி. அப்பா வலை வாங்க ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அதனால் பிடித்த இறாலெல்லாம் அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே. முகத்துவாரம் தூர்ந்து வரத்துக் குறைந்த வருடம் கடன் ஏறியது, பையன் படகு ஏறினான். வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "டீச்சர், வட்டிக்காரர் வந்து நிக்கும்போது பையன் கையில நோட்டு இருந்தா எப்படி?" என்று அந்த அம்மா கேட்டார். பதில் இல்லை. போன மாதம் அந்தப் பையன், இப்போது இரண்டு பிள்ளைக்கு அப்பன், போன் செய்தான். "வட்டி சரியாப் போட்டிருக்காங்களான்னு பாருங்க டீச்சர்." 20,000 ரூபாய், பத்து வட்டி. மாதம் 2,000, வருடத்துக்கு 24,000. அசல் அப்படியே நிற்கிறது. கணக்கில் புலிக்கு இது தெரியாதா? பயம், அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் பயம் பாதியாகும்.

தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுக்கலாம். செல்போன் ஆப்பில் கடன் வாங்கிவிட்டு மிரட்டலுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் பிள்ளைகளும் என் மாணவர்களில் இருக்கிறீர்கள் என்று தெரியும். கடன்பட்டது குற்றம் அல்ல. எழுத்தில் கேளுங்கள், ரசீது வாங்குங்கள், வீட்டில் மறைக்காதீர்கள். காகிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெருக்கல் வகுத்தல் இன்னும் மறக்கவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

வசதியாக இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. இன்று அந்தோனியார் பேரில் ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பீர்கள், நல்லது. அதோடு உங்களோடு படித்த ஒருவனுடைய பிள்ளைக்கு இந்த வருடப் பள்ளிக்கூடச் செலவையும் ஏற்றுக்கொண்டால், தொலைந்துபோன ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி.

எல்லோருக்கும் திருநாள் வாழ்த்து. அந்தோனி, அந்தோனியம்மாள் என்று பெயர் வைத்த பிள்ளைகளுக்குக் கூடுதல் வாழ்த்து.

அன்புடன்,
உங்கள் டீச்சர், காட்டூர்