தானே அணைந்து போவது பற்றி

சென்ற இதழில் வந்திருக்க வேண்டிய என் கட்டுரை வரவில்லை. ஆசிரியர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் 'லாப்டாப் அணைந்து அணைந்து போகிறது' என்றேன். மூன்றாம் முறை அவர் சிரித்துவிட்டார். எழுதாதவர்கள் சொல்லும் காரணங்களில் இது புதிதாக இருக்கிறது என்றார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டுரைக்கு மாற்றாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுத நினைத்தது, கொங்குப் பகுதியின் எழுத்தில் பஞ்சாலை எந்த அளவுக்கு இருக்கிறது என்பது பற்றி. ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. காடும் தோட்டமும் அப்போதே நாவலுக்குள் வந்துவிட்டன. ஆனால் கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888இல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. இவ்வளவு காலம் ஓடியும், மில்லுக்கு உள்ளே என்ன இருந்தது என்பதை நம் எழுத்தை மட்டும் படித்து ஒருவர் தெரிந்துகொள்ள முடியுமா? சங்கு தெரியும், கேட் தெரியும், கொடி தெரியும். அதற்கு மேல்? மற்றவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் தொனியில்தான் ஆரம்பித்திருந்தேன்.

நான்காவது பக்கத்தில் லாப்டாப் அணைந்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. திரை கறுத்தது, விசிறிச் சத்தம் நின்றது, அவ்வளவுதான். எழுதியதில் பாதிப் பக்கம் போயிற்று.

நாங்கள் சோமனூர்ப் பக்கம். ஒட்டினாற்போல் பங்காளி வீட்டுத் தறிக்குடோன், எட்டுத் தறிகள். 2012இல் இந்தப் பகுதியில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. அதைப் பார்த்தவர்கள் எது நின்றாலும் முதலில் கரண்டைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தவிர, பேட்டரி உள்ள யந்திரம் கரண்ட் போனால் அணைய வேண்டியதில்லை. அப்படியானால் பேட்டரியா? பழைய பேட்டரி திரையில் நாற்பது சதவீதம் என்று காட்டும், வேலை கொடுத்தால் மின்னழுத்தம் சட்டென்று விழுந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

பெங்களூரில் கணினி வேலையிலிருக்கும் அக்காள் மகனைக் கூப்பிட்டேன்.

"பேட்டரியைக் கழட்டிட்டு சார்ஜர்ல மட்டும் போட்டுப் பாருங்க மாமா. அப்புறம் சார்ஜர் இல்லாம பேட்டரியில மட்டும் பாருங்க."

இரண்டிலும் அணைந்தது. ஆகவே இரண்டும் நிரபராதிகள். நினைவகப் பழுதாக இருந்தால் பெரும்பாலும் திரை உறைந்து நிற்கும், அல்லது நீலத்தில் ஏதாவது எழுத்து வரும், இப்படிச் சத்தமில்லாமல் போகாது என்றான். விண்டோஸ் தன்னளவில் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது, அதைத் திறந்து பார்க்கச் சொன்னான். ஒவ்வொரு அணைவுக்கும் 41 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருந்தது. முறையாக மூடப்படாமல் யந்திரம் நின்று மறுபடி தொடங்கியது என்பதே அதன் பொருள். ஏன் நின்றது என்பது அதில் இல்லை. அணையும் நேரத்தில் அதனால் எதையும் எழுத முடியாது. மறுபடி விழித்த பிறகுதான், நேற்று ஏதோ சரியாக முடியவில்லை என்று குறித்துக்கொள்கிறது.

"காரணம் அதுக்கே தெரியாது மாமா. எத்தனை மணிக்குப் போடுறீங்க, எப்ப அணையுதுன்னு நீங்க ஒரு நோட்டுல எழுதி வையுங்க."

எழுதினேன். முதலில் 22 நிமிஷம். உடனே மறுபடி போட்டால் 6. அதற்கடுத்து 4. அரை மணி ஆறவிட்டுப் போட்டால் மறுபடி 20. அதிகாலை ஐந்து மணிக்குப் போட்டால் 45. ஒரு வாரக் கணக்கைப் படித்துக் காட்டினேன். அவன் யோசிக்கக்கூட இல்லை. "சூடு மாமா" என்றான். பழுது எதுவானாலும் அதற்குக் கடிகாரம் தெரியாது. ஆற விட்டால் நிற்கிற நேரம் நீள்கிறது, ஆறாமல் போட்டால் குறைகிறது என்றால் அது சூடுதான். பிராசஸர் நூறு டிகிரியை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு ஏறினால், எழுதுவதைச் சேமிக்கக்கூட நிற்காமல் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். தாமதித்தால் தானே வெந்துபோகும் என்பதால்.

காந்திபுரத்தில் ஒரு கடையில் திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போயிருச்சுங்க, புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். பிறகு யாரோ சொல்லிக் கணபதியில் ஓர் இளைஞரிடம் போனேன். அவருடைய அப்பா மோட்டார் காயில் கட்டுபவர். கடையின் பாதியில் இன்னும் செம்புக் கம்பிச் சுருள்கள் தொங்குகின்றன. அவர் அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, விசிறியை எடுத்து, இடுக்கியால் எதையோ பிடித்து மெதுவாக இழுத்தார். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையிலிருந்து, சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு போல ஒன்று முழுசாக வந்தது.

"வீட்டுப் பக்கம் தறி இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அதானுங்க. விசிறி நல்லாத்தான் சுத்துது, காத்துப் போக வழியில்லீங்க. மெசின் கெட்டுப் போகலீங்க, கெட்டுப் போகக் கூடாதுன்னுதான் நின்னுருக்குது."

நான் புரிந்துகொள்ளாதது போலத் தெரிந்திருக்க வேண்டும். கிணற்று மோட்டாரை உதாரணம் சொன்னார். ஸ்டார்ட்டருக்குள் ரிலே இருக்கிறது. அதில் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. சுமை கூடிச் சூடேறினால் ஒன்று மற்றதைவிட அதிகம் விரிவதால் பட்டை வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். தண்ணீர் பாய்கிற அவசரத்தில் சிலர் ரிலே விழாதபடி கட்டிப்போட்டு ஓட்டுவார்கள். "அப்படி ஓட்டுனவங்க மோட்டாருங்கதானுங்க எங்கப்பாவுக்குச் சோறு போட்டுச்சு" என்றார். சொல்லிக்கொண்டே காய்ந்துபோன பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதியதைத் தடவி மூடினார். அறுநூறு ரூபாய்.

எடுத்த பஞ்சைச் செய்தித்தாளில் வைத்திருந்தார். அதை எனக்குத் தெரியும். சிங்காநல்லூர் லைன் வீட்டில் இருந்தபோது அப்பாவின் புருவத்தில், காது மடலில், சட்டைக் காலரில் இருந்தது அது. அம்மா அந்தச் சட்டையை வாசலில் உதறாமல் உள்ளே விடமாட்டாள்.

அப்பா இருபத்தாறு வருஷம் கார்டிங்கில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பார். திங்கட்கிழமை ஷிப்டு முடிந்து வரும்போது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். செவ்வாய் தேவலை. புதன்கிழமை சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைக் கறிதான் காரணம் என்று அம்மா கறியை நிறுத்தினாள். வைத்தியர் பீடி என்றார். அப்பா ஒரு நாளைக்கு இரண்டு பீடி குடிப்பவர். மறுநாள் ஷிப்டுக்குப் போகும்படியாக ஓர் ஊசி போட்டு அனுப்புவார். சில வருஷங்களில் திங்கட்கிழமை செவ்வாய் வரை நீண்டது, பிறகு வாரம் முழுக்க ஆயிற்று. அதற்குப் பிறகு விடுமுறை கொடுத்தும் மூச்சு திரும்பவில்லை. 1991இல் போனார்.

இதற்கு பிஸ்ஸினோசிஸ் என்று பெயர் இருக்கிறது. பஞ்சுத் தூசியால் வருவது. ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும்தான் அதிகம். ஒருநாள் ஓய்வுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவதுதான் அதன் முதல் அடையாளம், மருத்துவப் புத்தகங்களில் அந்தத் திங்கட்கிழமை அப்படியே இருக்கிறது. ஆரம்பத்தில் தூசியிலிருந்து ஆளை விலக்கினால் சரியாகக் கூடியது. தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருந்தது. நாங்கள் எதையும் கேட்கவில்லை. கேட்பதற்கு நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் தெரியாதது பெரிய குற்றமில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமைகளில் அதே திண்ணையில் நானும் இருந்தேன், கையில் ஏதாவது ஒரு சிற்றேடு இருக்கும். எழுபதுகளில் நானே மில்லைப் பற்றி ஒரு கவிதை எழுதி அச்சிலும் வந்தது. கணபதியிலிருந்து திரும்பிய இரவு அதைத் தேடி எடுத்துப் படித்தேன். சங்கு மூன்று இடத்தில் வருகிறது. பஞ்சு ஓர் இடத்தில்கூட இல்லை. இருமல் ஒருமுறை வருகிறது, அதுவும் யுகத்தின் இருமலாக. உருவம், படிமம் என்று நாங்கள் அன்று பேசியதெல்லாம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எந்தக் கிழமையில் இருமினார் என்பதைக் கவனித்திருந்தால் படிமத்துக்கு ஒன்றும் குறை வந்திருக்காது. ஒரு யந்திரத்துக்காக 22, 6, 4 என்று ஒரு வாரம் கணக்கு எழுதினேன். அப்பாவுக்கு எழுத இருபது வருஷத் திங்கட்கிழமைகள் இருந்தன.

ஆக, நின்றுபோன கட்டுரையை முதலிலிருந்து எழுத வேண்டும். கூண்டில் நிற்க வேண்டிய ஆள் மாறிவிட்டான். அதனால்தான் தாமதமே தவிர, லாப்டாப் இப்போது இரண்டு மணி நேரம் தாராளமாக ஓடுகிறது. மெத்தையில் வைக்காமல் பலகையில் வைக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து பஞ்சு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்.

போன திங்கட்கிழமை தறிக்குடோனுக்குள் போய்ப் பங்காளி அண்ணனிடம் நெஞ்சு இறுகுகிறதா என்று கேட்டேன். நெசவில் தூசி கார்டிங்கைவிடக் குறைவு என்று தெரிந்துதான் கேட்டேன். தறிச் சத்தத்தில் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா தம்பி, சளி" என்றார்.

எந்தக் கிழமையில் என்று கேட்டேன். அவர் தறியை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். லாப்டாப்புக்கு வாங்கிய நோட்டில் நிறையப் பக்கங்கள் மிச்சமிருக்கின்றன.