மலையின் குறையா, வண்டியின் குறையா?

மணாலியிலிருந்து லே செல்லும் பாதை மனிதர்களை மட்டுமல்ல, டீசல் இன்ஜின்களையும் மூச்சுத் திணறவைக்கிறது. 2020ல் அடல் சுரங்கப் பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாயில் ஏறாமலே லாஹுலுக்குப் போய்விடலாம். ஆனால் அதற்கப்பால் பாரலாச்சாவும் தங்லங் லாவும் காத்திருக்கின்றன. தங்லங் லாவின் உயரம் 5,300 மீட்டருக்கும் மேல். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் அங்கே.

கேலாங்கின் சாலையோரப் பட்டறைகளில் கோடையில் அடிக்கடி கேட்கும் புகார்: "காடி நஹீன் கீஞ்ச் ரஹீ." நம்மூர் டிரைவர் "வண்டி இழுக்க மாட்டேங்குது" என்பாரே, அச்சு அசலாக அதேதான்.

வருபவற்றில் கைமாறிய வண்டிகளும் உண்டு. பத்து வயதைக் கடந்த டீசல் வண்டிகளுக்கு தில்லியில் பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் விதித்த தடையை, 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கிருந்து பல வண்டிகள் வேறு மாநிலங்களுக்கு விலைபோயின. வாங்கியவருக்கு வண்டியின் பூர்வகதை தெரியாது.

அனுபவசாலி மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்கிறார்: "உஸ்தாத், மண்டியில் எப்படி ஏறியது?" கீழே நன்றாக இழுத்து, மேலே மட்டும் சோர்ந்தால் பெரும்பாலும் காற்றின் குற்றம். கீழேயே சோர்ந்திருந்தால் வண்டியின் குற்றம். இடைப்பட்ட ரகமும் உண்டு. பாதி அடைத்த ஏர் ஃபில்டர் சமவெளியில் சமாளித்துவிடும், மலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து புகை. கருப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை: ஃபில்டர் அடைப்பு, அல்லது டர்போ குழாயில் விரிசல். சூடேறிய பிறகும் வெள்ளை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. புகையே இல்லாமல் சோர்ந்தால் டீசல் போதவில்லை: டீசல் ஃபில்டரையும், குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இன்ஜின் உறுமியும் வண்டி நகராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இத்தனையும் பார்த்த பிறகுதான் இன்ஜெக்டர், பம்ப், கம்ப்ரஷன். இந்த வரிசை தலைகீழானால், சில நூறு ரூபாய் ஃபில்டரோடு முடிய வேண்டிய வேலை இன்ஜினைப் பிரிப்பதில் போய் நிற்கும். ஒரு சீசன் வருமானமே அதில் கரைந்துவிடும்.

அதைவிட ஆபத்து, பழைய ரக பம்பின் ஸ்குருவைத் திருகி டீசலைக் கூட்டுவது. காற்றில்லாத உயரத்தில் அது இழுவை தராது. கரும்புகையும் சூடும்தான் மிஞ்சும். பிஸ்டனே உருகலாம்.

பழைய டீசல் வண்டி வாங்குவோருக்கு இமயமலை தேவையில்லை. விலை பேசுமுன் ஆட்களை நிறைய ஏற்றி, பக்கத்து மேம்பாலத்தில் ஓட்டியபடி கண்ணாடியில் புகையின் நிறத்தைப் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும்.