எரிமலைத் தீவில் நான்கு நாட்கள்

அட்லாந்திக் மாகடலில், ஆப்பிரிக்கக் கரைக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் மேற்கே, புவெர்த்தெவெந்துரா என்றொரு தீவு இருக்கிறது. ஸ்பெயின் நாட்டுக்குரிய கானரித் தீவுகளுள் இது ஒன்று. பரப்பு 1,660 சதுர கிலோமீட்டர். அத்தீவுகளுள் தெனரீஃபேக்கு அடுத்தபடியாகப் பெரியது. கானரி என்றதும் கூண்டில் வளர்க்கும் மஞ்சட் பறவைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் பறவையால் தீவுகள் பெயர் பெறவில்லை. தீவுகளால்தான் பறவை பெயர் பெற்றது. புவெர்த்தெவெந்துரா என்பதற்குப் பெருங்காற்று என்றும், பெரும் பாக்கியம் என்றும் இருவகையாகப் பொருள் கூறுகின்றனர். அங்கே நான்கு நாட்கள் தங்கியவர்கள் என்ற முறையில், காற்று என்று கூறுவோர் பக்கமே நாங்கள் சேர்கிறோம்.

இரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதும் குடும்பத்திற்கு இத்தனை தொலைவான யாத்திரை எப்படி வாய்த்தது என்று அன்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் மைத்துனர் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். குளிர்காலத்தில் அந்நாட்டார் வெயிலைத் தேடி இத்தீவுக்குப் பறந்து செல்வது வழக்கம். சென்ற பிப்ரவரித் திங்களில் அவர் எங்களையும் அழைத்துக்கொண்டார். பிராங்க்பர்ட் நகரிலிருந்து ஏறத்தாழ ஐந்து மணி நேர விமானப் பயணம். மேலிருந்து பார்த்தபோது தீவு முழுவதும் சிவப்பும் பழுப்புமாக, சூளையிலிருந்து எடுத்த ஓடுபோலத் தோன்றிற்று. மரம் என்று சொல்லத்தக்கது விமான நிலையத்துப் பேரீச்சைகளே.

கானரித் தீவுகள் அனைத்தும் கடலடியில் எரிமலைகள் கக்கிய குழம்பினால் எழுந்தவை. அவற்றுள் மூத்தது இதுதான்; வயது இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேல். மூப்பினால் மலைகள் தேய்ந்து தாழ்ந்துவிட்டன. மிக உயர்ந்த சிகரமே 807 மீட்டர்தான். இந்தத் தாழ்வே வறட்சிக்கு முதற்காரணம். வடகிழக்கிலிருந்து ஓயாது வீசும் வியாபாரக் காற்று கொண்டுவரும் ஈரம், தெனரீஃபேயின் ஓங்கிய மலைகளில் முட்டி நீராக இறங்குகிறது. இங்கே தடுப்பாரின்றிக் கடந்து போய்விடுகிறது. தீவின் பெரும்பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 150 மில்லிமீட்டருக்கும் குறைவு. நாகபுரியில் சில நாள் அடைமழையிலேயே அத்தனையும் கொட்டிவிடும். இப்பொழுது கடல்நீரின் உப்பை நீக்கிக் குடிக்கிறார்கள். முற்காலத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பங் குடும்பமாகக் கப்பலேறிப் பக்கத்துத் தீவுகளுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் பிழைக்கப் போனார்கள். அவர்கள் பிழைக்க மாட்டாமல் விட்டுப் போன அதே வெயிலை நாடித்தான் இன்று உலகம் இங்கே விமானமேறி வருகிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இச்செய்தி வெறும் சரித்திரமாகத் தோன்றாது.

தீவின் வட முனையிலுள்ள கொரலேஹோ என்னும் ஊரில் தங்கினோம். உணவைப் பற்றி முன்கூட்டியே கவலைப்பட்டிருந்தோம், கவலை வீண். தோலோடு சிறு உருளைக்கிழங்குகளை மிகுந்த உப்பு நீரில் வற்ற வேகவைத்து, தோல் சுருங்கியதும் இறக்கிவிடுகிறார்கள். பூண்டும் மிளகாயும் எண்ணெயும் காடியும் சேர்த்தரைத்த ‘மோஹோ’ என்னும் துவையல் அதற்குத் துணை. எங்கள் இல்லத்தரசியார் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வறுத்த தானியத்தை அரைத்த ‘கோஃபியோ’ மாவும் உண்டு. மாரிக்காலங்களில் விளைந்த சிறிதளவு தானியத்தைக் கெடாமல் வைத்துக்கொள்ள, ஸ்பானியர் வருமுன்னரே இத்தீவின் ஆதிகுடிகள் கண்ட வழி அது.

கொரலேஹோவின் தெருக்களில் எங்கு நோக்கினும் ‘பக்கி’ப் பயண விளம்பரம். நாகபுரியில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை பூட்டி வரும் பக்கிக்கும் இதற்கும் பெயரளவிலேதான் உறவு. இது இரும்புக் குழாய்களை வளைத்துக் கூடாகப் பற்றவைத்த மோட்டார் வண்டி. கதவில்லை, கண்ணாடியில்லை; தடித்த பட்டைச் சக்கரங்கள் நான்கு. தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே நல்ல உயரம் இருப்பதால் கல்லிலும் குழியிலும் தட்டாமல் ஏறி இறங்கும். கார் ஓட்டும் உரிமம் உடையவர் எவரும் ஓட்டலாம். வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, ஐந்தாறு வண்டிகள் பின்னே வரிசையாகச் செல்லும். விளம்பரப் படங்களிலெல்லாம் வண்டி மணல் மேட்டிலிருந்து குதிரைபோல் எழும்பிப் பாய்கிறது. இப்படங்களைப் பற்றிப் பின்னர்க் கூறுகிறோம்.

“அத்தான், ஒருநாள் போய்த்தான் பார்ப்போமே” என்றார் மைத்துனர். மகனோ முன்னிரவே தலைக்கவசம் அளவு பார்த்து வைத்திருந்தான். நால்வர் அமரும் வண்டி கிடைத்தது. தலைக்கவசம், கண்ணுக்கு மூக்குக் கண்ணாடிபோன்ற காப்பு, வாயை மறைத்துக் கட்டத் துணி ஆகியவை தந்தார்கள். துணி எதற்கென்று புறப்பட்ட ஐந்து நிமிடத்தில் விளங்கிற்று. முன்செல்லும் வண்டி எழுப்பும் செம்புழுதி பின்னுள்ளவர்களின் மூக்கிலும் பல்லிலும் நறநறவென்று புகுந்தது. இரயில்வேயில் ஒரு வண்டி அடுத்த நிலையத்தை அடைந்தால்தான் பின்வண்டிக்கு வழிவிடுவோம் அல்லவா? அவ்வாறே, முன்வண்டியின் புழுதி அடங்கும் வரை இடைவெளி விடுமாறு வழிகாட்டி கையசைத்துக்கொண்டே இருந்தார். இளைஞர் சிலருக்கு அது பொறுக்கவில்லை.

லஹாரேஸ் என்னும் சிற்றூரை ஒட்டி எரிமலை வாய்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றுள் கல்தெரோன் ஓந்தோ என்பது 278 மீட்டர் உயரம். கிண்ணம்போல் குழிந்த அதன் வாய் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழம். தீவின் வயதை நோக்க இது குழந்தை. வெடித்து ஏறக்குறைய ஐம்பதாயிரம் ஆண்டுகளே ஆயின. வண்டிகளை அடிவாரத்தில் விட்டுக் கல் பாவிய நடைபாதையில் ஏறவேண்டும். உச்சியில் நின்று வடக்கே பார்த்தால், அக்குழம்பு உறைந்த கரும்பாறைக் காடு கடல் வரை பரந்து கிடக்கிறது. ‘மல்பாயீஸ்’ என்று அதற்குப் பெயர். கெட்ட நிலம் என்று பொருள். உழவுக்கு ஆகாததால் வைத்த பெயர் போலும். ஆனால் குனிந்து பார்த்தால் பாறையின் வடமுகங்களெல்லாம் வெளிறிய பச்சையும் மஞ்சளுமாகப் பாசிக்காளான் படர்ந்திருக்கிறது. காற்றின் ஈரத்தை மட்டுமே உண்டு, கல்லைக் கரைத்து மண்ணாக்கும் தொழிலை அது தொடங்கியிருக்கிறது. மிக மெல்ல வளரும் இந்த உயிர், ஒரு மிதியில் பொடியாகிவிடும்.

இறங்கி மீண்டும் புறப்பட்ட சிறிது நேரத்தில்தான் அது நிகழ்ந்தது. எங்களுக்கு முன்னே சென்ற வண்டி திடீரென்று பாதையை விட்டு விலகி, வலப்புறத்து மேட்டில் உறுமிக்கொண்டு பாதியளவு ஏறிற்று. பின்னமர்ந்தவர் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார். வழிகாட்டி அனைவரையும் நிறுத்தினார், சத்தமிடவில்லை. ஏறிய வண்டியைத் தாம் வாங்கி, அது ஏறிய தடத்தின் மேலேயே பின்னோக்கி இறக்கிக் கொணர்ந்தார். பிறகு எதிர்ச்சரிவைச் சுட்டிக் காட்டினார். அங்கே இரண்டு இணைகோடுகள் மேட்டின் உச்சி வரை ஓடின. “நான் பள்ளிக்குச் செல்லும் நாளிலேயே அத்தடம் இருந்தது, எவர் ஓட்டினாரோ, எவருக்கும் தெரியாது” என்றார். ஆங்கிலத்திலும் பின்னர் ஜெர்மன் மொழியிலும் இதைச் சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். மேட்டில் ஏறியவர் ஏதோ மறுமொழி கூற வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

ஒரு சக்கரத்தடம் இத்தனை ஆண்டு நிலைப்பது ஏன்? நம் ஊர் வயலில் மாட்டுவண்டித் தடம் ஒரு மழைக்காலம் தாங்குமா? மழையும் புல்லும் அதை மூடிவிடும். இங்கே மூடுவதற்கு இரண்டும் இல்லை. நிலத்தின் மேற்பரப்பில் சிறு கற்கள் நெருங்கிப் படிந்து ஒரு மேலோடுபோல் அமைந்துள்ளன. அடியில் மாவு போன்ற நுண்மண். மேலோடு உள்ளவரை காற்று அம்மண்ணைத் தொடாது. சக்கரம் அதை ஒருமுறை உடைத்தால் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. என்றேனும் பெய்யும் மழையோ நின்று பெய்வதில்லை, கொட்டித் தீர்க்கிறது. வெள்ளம் அத்தடத்தையே வாய்க்காலாகக் கொண்டு ஓடி, கோட்டைக் குழியாக்கிவிடுகிறது.

வெறும் பொட்டல் என்று கண்ணுக்குத் தோன்றும் வெளிகளிற் பல உண்மையில் வயல்கள். சரிவில் இறங்கும் மழைவெள்ளத்தை உயர்ந்த மண்வரப்புகளால் மறித்துத் தேக்கி, ஊறிய ஈரத்தில் தானியம் விதைக்கும் இந்நிலங்களைக் ‘காவியா’ என்கின்றனர். பல காவியாக்கள் இன்று தரிசு. ஆயினும் வரப்பு நிற்கும் வரை வண்டல் தங்கும்; வரப்பை ஒரு வண்டி உடைத்தால் நூறாண்டு உழைப்பு ஒரு மழையில் கடலுக்குப் போகும். ஹூபாரா என்னும் கானமயில் இனப் பறவையும் இவ்வெளிகளில்தான் வாழ்கிறது. வெறுந்தரையில், மண் நிறத்திலேயே முட்டையிடுகிறது. அதுவும் பயணிகள் மிகுந்து வரும் குளிர்கால இறுதியில். இத்தீவையன்றி உலகில் வேறெங்கும் இனம்பெருக்காத சிறு குருவி வகை ஒன்றும் இங்கே உண்டு. 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் தீவு முழுவதையும் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. காக்கப்பட்ட நிலங்களிலும் கொரலேஹோவின் வெண்மணற் குன்றுகளிலும் பாதையை விட்டு வண்டி ஓட்டக்கூடாது என்பது சட்டம்.

ஆகவே அந்த விளம்பரப் படங்களை நாங்கள் வெறுக்கிறோம். வண்டியை அன்று, படத்தைத்தான். பக்கியில் செல்வது இன்பமே. அதை மறைக்க வேண்டியதில்லை. காற்றும் உப்பும் நேரே முகத்தில் மோத, எல் கொத்தீயோவிலிருந்து வடகரையோரமாக மண்பாதையில் திரும்பிய ஒரு மணி நேரத்தில், மகன் பாடாத பாட்டில்லை. போட்ட பாதையில் சென்றவரை எவருக்கும் கேடில்லை. மஹானீச்சோவைக் கடந்து ஒரு கடற்கரையில் நிறுத்தினார்கள். மணலுக்குப் பதிலாகச் சோளப்பொரி கொட்டியதுபோல் வெண்ணிறத் துண்டுகள்! கடலடியில் சுண்ணமாய் இறுகும் ஒருவகைப் பாசியின் மிச்சங்களாம். மகன் கைநிறைய அள்ளினான். எடுத்துச் செல்லற்க என்னும் பலகையைத் தாய் காட்டவும், ஒவ்வொன்றாக எண்ணிக் கீழே வைத்தான். பதினேழு.

அன்று வழியில் திந்தாயா மலையைத் தொலைவிலிருந்து கண்டோம். அதன் உச்சிப் பாறைகளில் ஆதிகுடிகள் மனிதப் பாதங்களின் வடிவைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், இருநூறுக்கும் மேற்பட்டவை. எதற்காகச் செதுக்கினர் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. ஸ்பெயினின் புகழ்பெற்ற சிற்பி எதுவார்தோ சில்யீதா இம்மலையைக் குடைந்து, உள்ளே ஏறத்தாழ ஐம்பது மீட்டர்க் கனசதுரமாக ஒரு வெற்றிடம் அமைக்க விரும்பினார். எதிர்ப்பு வலுத்தது. 2002இல் சிற்பி காலமானார், மலை குடையப்படவில்லை. பாதச் சுவடுகளைக் காக்கும் பொருட்டு உச்சிக்கு ஏறுவதையும் தடுத்திருக்கிறார்கள்.

இரயிலே இல்லாத தீவு இது என்பது எங்களுக்குச் சிறு குறையாக இருந்தது. மூன்றாம் நாள் அக்குறையை ஒரு பேருந்து தீர்த்தது. தென்கோடியில் மொர்ரோ ஹாப்லே என்னும் ஊரிலிருந்து கொஃபெத்தே என்ற மேற்குக் கரைக் குக்கிராமத்திற்கு மண்பாதையொன்றே உண்டு. அதில் பொதுப் போக்குவரத்தாகவே ஒரு பேருந்து ஓடுகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் லாரியின் மேல் பயணிப் பெட்டியை ஏற்றிவைத்த உருவம். எவரும் பயணச் சீட்டு வாங்கி ஏறலாம். ஓட்டும் பொறுப்பும் நமக்கில்லை. மலைக்கணவாயில், ஒருபுறம் பாறையும் மறுபுறம் அதலபாதாளமுமாக, எதிரே வந்த வாடகைக் கார்கள் ஒதுங்க இடமின்றித் திணறின. நம் ஓட்டுநரோ ஒரு கையால் திருப்பிக்கொண்டு சென்றார். இல்லத்தரசியார் கண்ணை மூடிக்கொண்டு, “தம்பி, இறங்கினதும் சொல்லு” என்றார்.

கணவாயைத் தாண்டியதும் கொஃபெத்தே கடற்கரை ஒரே வீச்சில் விரிந்தது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் நீண்ட வெறுமணல், பின்னே ஹந்தீயா மலைச்சுவர், கடையில்லை, நிழலில்லை. அலைகளும் அடிநீரோட்டமும் கொடியவை. குளிக்க இறங்குதல் கூடாது. பெருந்தலை ஆமைகளை மீண்டும் குடியேற்றும் எண்ணத்துடன் 2006 முதற்கொண்டு கேப் வெர்டே தீவுகளிலிருந்து முட்டைகளைக் கொணர்ந்து இம்மணலில் புதைத்துப் பொரிக்கச் செய்தார்கள். கரையோரம் சிறியதொரு இடுகாடும் உண்டு. மணல் ஏறிக் கல்லறைகளைப் பாதி மூடியிருந்தது. ஒரு காலத்தில் இங்கே மாண்டவரை மொர்ரோ ஹாப்லே வரை சுமந்து செல்வது எத்தனை அரிது என்பதை, வந்த வழியே எங்களுக்கு உணர்த்திற்று.

திரும்பும் பேருந்துக்காகக் காத்திருக்கையில் ஆட்டுமந்தையொன்று பாதையின் குறுக்கே இறங்கி வந்தது. தலைநகரான புவெர்த்தோ தெல் ரொசாரியோவுக்கே 1956 வரை ஆட்டுத்துறை என்றுதான் பெயர். பேருந்து வந்து, ஒலிப்பானை அழுத்தாமல் நின்றது. கடைசி ஆடு கடக்கும் வரை ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தம் ரொட்டியைப் பிரித்து உண்டார். புறப்படுகையில் பன்னிரண்டு நிமிடம் தாமதம் என்று நாங்கள் குறித்துக்கொண்டோம். அங்கே வேறெவரும் கடிகாரம் பார்க்கவில்லை.