பொத்தான் கூறும் செய்தி

போர்வீரன் ஒருவன் களத்தில் மடிந்தால், அவன் அணிந்த சட்டை மட்கிப்போகும், இடைவாரும் அழிந்துபோகும். சட்டையின் மார்பில் வரிசையாகத் தைத்திருந்த பொத்தான்கள் மட்டும் நூற்றாண்டுகள் கடந்தும் மண்ணுக்குள் கிடக்கும். அரசர்க்கும் தளபதியர்க்கும் சிலைகள் உண்டு. பெயர் அறியப்படாத வீரனுக்கோ பெரும்பாலும் அப்பொத்தானே எஞ்சிய சான்றாகும்.

இங்கிலாந்து நாட்டில், அறுவடை முடிந்த வயல்களில் உலோகம் காணும் கருவியை ஏந்தி நடப்போர் பலர். கருவியின் கம்பிச் சுருளில் பாயும் மின்னோட்டம் காந்தப் புலத்தை எழுப்புகிறது. அப்புலம் புதைந்த உலோகத்தில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்க, அதனை உணர்ந்து கருவி ஒலிக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது போலந்துப் பொறியாளர் கொசாட்ஸ்கி அமைத்த இத்தகைய கருவி, 1942-ஆம் ஆண்டில் எல் அலமெய்ன் களத்தில் கண்ணிவெடிகளைக் காட்டிக்கொடுத்தது. அன்று வெடியைத் தேடியது, இன்று பொத்தானைத் தேடுகிறது!

கண்டெடுத்தல் எளிது; இன்னதென அறிதலே அரிது. நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோல் பழம்பொத்தானைத் துலக்குதல் ஆகாது. களிம்போடு பொன்முலாமும் எழுத்தும் ஒருங்கே போய்விடும். நீரும் மெல்லிய தூரிகையுமே போதும்.

மண் நீங்கியதும் எண் தெரிகிறதா என்று நோக்குவர். பிரித்தானியக் காலாட்படையில் ஒவ்வொரு பிரிவும் தன் எண்ணைப் பொத்தானில் பொறித்தல் வேண்டும் என்று 1767-ஆம் ஆண்டில் அரசாணை பிறந்தது. வீரர்க்கு வெள்ளீயக் கலவைப் பொத்தான். அதிகாரிகட்குப் பொன் அல்லது வெள்ளி முலாம். வீரர்க்குப் பித்தளை வந்தது 1855-இல். 1871-இல் அவர்தம் பொத்தான்களினின்று எண் நீங்கி, அரச சின்னம் ஏறியது. ஆகவே எண் பொறித்த வெள்ளீயப் பொத்தானின் காலம் ஒருவாறு விளங்கிவிடும். பின்புறத்தில் செய்தோர் பெயர் இருப்பின் ஐயம் மேலும் குறையும்.

33 என்னும் எண்ணைக் கொள்வோம். அப்படைப் பிரிவுக்கு 1793 முதல் தலைவராக இருந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1798-இல் சென்னைக்கு வந்து, 1799-இல் சீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானை எதிர்த்து நின்றது அப்படை. 1815-இல் வாட்டர்லூவிலும் அது போரிட்டது. அப்போது வெல்லெஸ்லி வெலிங்டன் கோமகனாகி, படை முழுவதற்கும் தலைமை தாங்கினார். ஒரு சிற்றெண்ணின் பின்னே எத்துணை நெடிய வழி!

ஆயினும், பொத்தான் கிடைத்த இடமெல்லாம் போர்க்களம் என்று கருதுதல் பிழை. படையினின்று விலகியவர் பழஞ்சட்டையை அணிந்தே ஏர் உழுததுண்டு. கிழிந்த கம்பளித் துணிக் கழிவை வயலுக்கு எருவாக இட்டதும் உண்டு. அதனோடு பொத்தான்களும் வந்து சேர்ந்தன. எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்று குறித்துக்கொள்ளாமல் பெயர்த்தெடுத்த பொத்தான் தன் செய்தியில் பாதியை இழந்துவிடுகிறது.

முறையாக எடுத்தால் அது என்ன கூறும் என்பதற்கு லித்துவேனியாவின் தலைநகர் வில்னியசு சான்று. 2001-ஆம் ஆண்டில் அங்கே கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவர்கள் யார்? நெடுநாள் முன்பு மடிந்தவரா, அண்மைக்காலக் கொடுமைக்கு இரையானவரா? விடை பகர்ந்தவற்றுள் முதன்மையானவை பொத்தான்கள். அவற்றின் எண்கள், 1812-இல் உருசியாவினின்று பின்வாங்கிய நெப்போலியனின் படைப்பிரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டின. குளிரும் பசியும் நோயும் வீழ்த்திய இளைஞர்கள் அவர்கள்.

தூய வெள்ளீயம் ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே சாம்பல்நிறத் தூளாக மாறவல்லது. அதனால் பொத்தான்கள் உதிர்ந்தே நெப்போலியனின் படை அழிந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை சுவையுடையதே! ஆனால் அம்மாற்றத்துக்கு நெடுங்காலம் வேண்டும். வேற்று உலோகம் கலந்திருப்பின் அது தடைப்படும். வில்னியசுப் பொத்தான்களிலோ, இருநூறு ஆண்டுகளை நெருங்கிய பின்னும் எண்களைப் படிக்க முடிந்தது.

அவ்வீரர்களின் எலும்புகள் 2003-ஆம் ஆண்டில் அந்நகரின் அன்டகால்னிசு இடுகாட்டில் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன.