ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மைசூரில் இருக்கும் என் அக்கா ஞாயிறு இரவுகளில் மட்டும் காலண்டரில் ஒரு சுழி போடுகிறார். மெதோட்ரெக்சேட் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். அந்தச் சுழிக்குப் பின்னால் என் தவறு ஒன்று இருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்காது. இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை. தெருமுனை டாக்டர் வலி மாத்திரையோடு சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றும் கொடுத்தார். இரண்டே நாளில் வலி பறந்தது. "கைராசிக்காரர்" என்றார் அக்கா. வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு என்பதும், அதைச் சீட்டில்லாமலே கடையில் வாங்கி ஒன்றரை வருடம் விழுங்கினார் என்பதும், முகம் உப்பி, சர்க்கரை ஏறிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

முடக்குவாதக்காரர்கள் பலருடைய கதை இது. ஸ்டீராய்டு வீக்கத்தை உடனே அடக்கும். குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்கு அதற்கு இடமும் உண்டு. ஆனால் மூட்டு அரிபடாமல் காக்க மருத்துவர்கள் முதலில் நாடுவது மெதோட்ரெக்சேட்டைத்தான். விலையும் குறைவு. பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும் என்பதுதான் சிக்கல். பொறுமை இழந்தவர்கள் பழைய வெள்ளை மாத்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

மூட்டுநோய் நிபுணர் அக்காவுக்கு அதை எழுதினார், வாரம் ஒருமுறை என்று, ஆங்கிலத்தில். கூடவே இன்னும் இரண்டு மாத்திரைகள். மருந்துக் கடைக்காரர் மூன்று கவர்களிலும் இரவு ஒன்று என்று ஒரே மாதிரி கிறுக்கிக் கொடுத்தார். அக்கா எனக்குப் போன் செய்தார். "எல்லாத்தையும் தினம் ராத்திரி போட்டுக்கலாமா?" நான் ஒரு நாவலை மொழிபெயர்த்து முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். "கவர்ல எழுதியிருக்கிறபடி சாப்பிடுக்கா" என்றேன்.

ஒன்பதாம் நாள் வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். முறிவு மருந்தாக ஃபோலினிக் அமில ஊசி போட்டார்கள். பிழைத்தார்.

இது புற்றுநோய்க்காகப் பிறந்த மருந்து. அதை உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சி இயக்குநராக இருந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1988இல் அமெரிக்கா இதை முடக்குவாதத்துக்கு அனுமதித்தது. மூட்டுக்கு வாரம் ஒருமுறை சிறிய அளவு போதும். அதையே தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜையைப் பதம் பார்க்கும். உலகம் முழுக்க இந்தக் குழப்பம் உயிர்களைக் குடித்திருக்கிறது. வாரம் ஒருமுறை என்ற எச்சரிக்கை மருந்து உறையிலேயே இருக்க வேண்டும் என்று 2019இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கூறியது.

மைசூரில் 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. வாரம் என்பது கன்னடத்திலும் 'வார'தான். மொழிபெயர்க்கவே வேண்டாத சொல். கவரில் அதை எழுதத்தான் ஆளில்லை. பக்கம் பக்கமாக மொழிபெயர்த்துச் சம்பாதிக்கும் நானும் சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லவில்லை.

உடல் தேறிய பிறகு டாக்டர் அதே மருந்தை மறுபடி தொடங்கினார். இம்முறை சீட்டில் கிழமையின் பெயரையே எழுதச் சொன்னோம். அவ்வப்போது ரத்தமும் ஈரலும் பரிசோதிக்கப்படுகின்றன. மாவுப் பாத்திரத்தை அக்கா மீண்டும் தூக்குகிறார்.

ஞாயிறு இரவு போன் வரும். "இன்னிக்குத்தானே?" கையில் எந்த வேலை இருந்தாலும் வைத்துவிட்டு, "இன்னிக்கு மட்டும்தான்க்கா" என்கிறேன்.